பாண்டிச்செல்வி ஏன் பள்ளிக்கூடத்தை விட்டாள்

தம்பி, இந்தப் பக்கங்களை நீ படிப்பதற்குள் உன் சித்தப்பா உனக்குப் போன் போட்டிருப்பார். "ஒங்க அம்மாவுக்குப் புத்தி பெசகிப்போச்சுடா, அக்காள்மடத்து ரோட்டுல நின்னு அடிவாங்கி அசிங்கப்பட்டுட்டு வந்திருக்கு" என்று சொல்லியிருப்பார். யாரோ செல்போனில் எடுத்த படத்தையும் அனுப்பியிருப்பார். அதில் முந்தானை சரிந்து கருவாட்டுப் பாய்மேல் விழுந்து கிடப்பது நான்தான். அடிவாங்கியது உண்மை, அசிங்கப்பட்டதும் உண்மை. புத்தி மட்டும் பிசகவில்லை. முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளைக் கோடு போட்ட நோட்டில் எழுதச் சொன்னவள், இன்றைக்கு உனக்காக ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உள்ளதை உள்ளபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவேன். நிதானமாகப் படி.

போன வாரம் நீ பேசினாய். அடுத்த மாதம் கனடாவின் வடகோடிக்கு, பனிக்கடல் ஓரத்து இன்யூட் மக்களின் ஊர்களுக்குப் போகப் போவதாகச் சொன்னாய். அங்கே போய் என்னடா வேலை என்று கேட்டேன். தொடக்கப் பள்ளியிலிருந்து மேல்வகுப்பு வரைக்கும் அந்தப் பிள்ளைகள் எந்த இடத்தில் பின்தங்குகிறார்கள், எந்த வகுப்போடு நின்றுபோகிறார்கள், ஏன் நிற்கிறார்கள் என்று பார்த்து எழுதித் தர வேண்டும் என்றாய். சின்ன வகுப்பில் அவர்கள் மொழியிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு திடீரென்று எல்லாம் ஆங்கிலம் ஆகிவிடுகிறது என்றாய். தெற்கேயிருந்து வருகிற டீச்சர்கள் குளிர் தாங்காமல் ஒன்றிரண்டு வருஷத்தில் போய்விடுகிறார்கள், குடும்பத்தோடு வேட்டைக்கும் மீனுக்கும் போகிற பிள்ளைக்குப் பதிவேட்டில் ஆப்சென்ட் விழுகிறது என்றெல்லாம் அடுக்கினாய். நான் பருப்பு புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியாக நீ சொன்னதுதான் என்னைப் பிடித்தது. "அவங்க தாத்தா பாட்டி காலத்துல புள்ளைகளைப் பிடிச்சுட்டுப் போயி தூரத்து ஹாஸ்டல்ல போட்டாங்களாம்மா. சொந்த மொழியில பேசுனா அடி. அந்தப் பயம் இன்னும் அந்த வீடுகள்ல இருக்கு. பள்ளிக்கூடம்னு சொன்னாலே சில பேரு வாயை மூடிக்கிறாங்களாம். நல்லவேளைம்மா, நான் ஒன் பள்ளிக்கூடத்துல படிச்சேன்." முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை அணைத்தது நான்தான்.

உனக்கு அப்போது ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு எழுந்து என்னிடம், "அம்மா, செல்வி அக்கா காதுல ரத்தம் வந்துச்சுல்ல?" என்று கேட்டாய். "அதெல்லாம் காய்ச்சல்ல கண்ட கெனாடா" என்றேன். பிறகும் நாலைந்து முறை கேட்டாய். ஒவ்வொரு முறையும் கனா என்றேன். கொஞ்ச நாளில் நீயே அதைக் கனா என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாய். தம்பி, அது கனா இல்லை.

நம் பள்ளிக்கூடம் எப்படி நடந்தது என்று உனக்குத் தெரியாது. ஒரு கூடம், ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். தலைமையாசிரியர் பாதி நாள் நயினார்கோவிலுக்கு மீட்டிங் என்று போய்விடுவார். நான் ஒருத்திதான். பாண்டிச்செல்வி நாலாம் வகுப்பு. அவள் அப்பா கருப்பையாவும் அம்மாவும் நம் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் வந்தவர்கள். வயலில் வேலை இல்லாத மாதங்களில் சீமைக்கருவேலம் வெட்டி, கட்டையை அடுக்கி மண் பூசி மூட்டம் போட்டுக் கரி எடுக்கக் குடும்பத்தோடு காட்டுக்குப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது அவள் நகக்கண்ணெல்லாம் கரியாக இருக்கும். மற்றப் பிள்ளைகளிடமிருந்து தள்ளி உட்காரச் சொல்வேன். காலையில் வருகை எடுத்ததும், "செல்வி, டீச்சர் வீட்டுல ரெண்டு குடம் தண்ணி ஊத்திட்டு வா" என்று ஊரணிக்கு அனுப்பிவிடுவேன். ரெண்டு குடம் நாலாகும். அவள் வந்து சேரும்போது தமிழ்ப் பாடம் முடிந்திருக்கும். அவள் ஊரில் இல்லாத மாதங்களைத்தான் நான் எல்லாரிடமும் காரணமாகச் சொன்னேன். ஊரில் இருந்த மாதங்களில் அவள் இடுப்பில் என் குடம் இருந்தது என்பதை யாரிடமும் சொல்லவில்லை. அவளுடைய தேர்ச்சிப் பதிவேட்டில் "சரளமாக வாசிக்கிறாள்" என்று என் கையால் எழுதியிருந்தேன். எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் எழுதினேன். அப்போதுதான் மேலே இருந்து கேள்வி வராது.

அன்றைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே நாலாம் வகுப்பில் அவளை எழுப்பி, ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஓர் எழுத்தும் வாசிக்கவில்லை. "டீச்சர் தெனமும் என்னம்மா சொல்லிக் குடுக்குறாங்க?" என்று கேட்டார் அவர். அவள் குரலில் கோள் சொல்லும் எண்ணமே இல்லை. தெரிந்ததைச் சொன்னாள். "எனக்கு இல்ல சார். நான் டீச்சர் வீட்டுக்குத் தண்ணி எடுக்கப் போயிருவேன். மத்த புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுப்பாக." அதிகாரி ஒரு வரி எழுதிக்கொண்டார். வாங்கி வைத்திருந்த கலர் சோடாவைக் குடிக்காமலே ஜீப்பில் ஏறிப் போனார்.

ஜீப்பின் சத்தம் அடங்கும்வரைகூட நான் பொறுக்கவில்லை. மர ஸ்கேலை எடுத்து அவளுடைய முழங்கையில், முதுகில், பிடரியில் அடித்தேன். ஸ்கேல் முறிந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். "யாருக்குடீ தண்ணி எடுத்த? சொல்லுடீ, யாருக்கு எடுத்த?" என்று கேட்டுக்கொண்டே வலது கையை ஓங்கி அவள் செவுளில் அறைந்தேன். சுவரில் போய் மோதி விழுந்தாள். தலைமுடியைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் அதே பக்கம் அறைந்தேன். நீ உன் பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் மணிக்கட்டைக் கடித்தாய். பல் உள்ளே இறங்கியது. உன்னையும் உதறி எட்டி உதைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நீ சுருண்டாய். கூடத்தில் நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய இடது காதிலிருந்து ரத்தம் வழிந்து வெள்ளைச் சட்டையின் காலர் நனைந்தது. அவள் அழவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, எதையோ கேட்க முயற்சி பண்ணுகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். நானும் அடிவாங்கிப் படித்தவள்தான், அந்தக் காலத்தில் எல்லாரும் அடித்தார்கள் என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது எடுபடாது. நான் அவளை அடித்தது படிக்காததற்காக இல்லை. உண்மையைச் சொன்னதற்காக.

அன்றைக்குச் சாயங்காலம் கருப்பையா நம் வீட்டு வாசலுக்கு வந்தான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவிலேயே நின்றான். "டீச்சர், புள்ளைக்குக் காதுல ரத்தம் நிக்கல. ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன். அங்கன போலீசுக் கேசான்னு கேப்பாக. நீங்க கூட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான். அவ்வளவுதான் கேட்டான். உன் சித்தப்பா உள்ளேயிருந்து, "யாரு வீட்டு வாசல்ல வந்துடா கேசுங்குற?" என்று பாய்ந்தார். என் புருஷன், உன் அய்யா, அவரும் இறங்கினார். கருப்பையாவின் தலைமயிரைப் பிடித்துத் தெரு வழியாக ஊரணிக் கரைவரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்கள். டிராக்டர் பெல்ட்டால் அடித்தார்கள். தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் கரையில் நின்றவர்களுக்குக் கேட்டதாம். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொழுது சாய, அவன் மூட்டம் போடுவதற்காக வெட்டி அடுக்கி வைத்திருந்த கட்டை முழுவதும் எரிந்தது. யார் வைத்த தீ என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். மறுநாள் விடியும்போது அவன் வீடு திறந்து கிடந்தது, ஆள் இல்லை. பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே, நின்ற காரணம் என்ற கட்டத்தில், "பெற்றோர் வேலை நிமித்தம் இடப்பெயர்வு" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டேன்.

நாலு வருஷம் கழித்து, பள்ளி செல்லாத பிள்ளைகளைக் கணக்கெடுக்க என்னைத்தான் திருப்புல்லாணிப் பக்கம் போட்டார்கள். கருவேலங்காட்டுக்குள் மூட்டம் புகைகிற இடம் இடமாகப் போய்ப் பார்த்தேன். ஒரு மூட்டத்துக்குப் பக்கத்தில் கரி அள்ளிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். பதிமூன்று வயது, பாண்டிச்செல்விதான். நான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் வலது பக்கம் திரும்பி என்னைத் தேடினாள். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் கருப்பையா பார்த்துவிட்டான். ஒரு தோள் கீழிறங்கிப் போயிருந்தது. மறு கையில் வெட்டரிவாளைத் தூக்கிக்கொண்டு, "இங்கனயும் வந்துட்டியா? இன்னொரு காது இருக்கே, அதுக்கா வந்த?" என்று ஓடிவந்தான். நான் முள்ளில் விழுந்து எழுந்து ஓடினேன். சேலை கிழிந்தது. பின்னாலிருந்து அவள், "அய்யா, வேணாம்யா, விட்ருய்யா" என்று கத்துவது கேட்டது. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். வராத காரணத்துக்கு வறுமை, குடும்ப வேலை, இடப்பெயர்வு, விருப்பமின்மை என்று கட்டங்கள் இருந்தன. "ஆசிரியர் அடித்ததால்" என்று ஒரு கட்டம் இல்லை. பக்கத்தில் எழுத இடம் இருந்தது தம்பி, நான் எழுதவில்லை. விருப்பமின்மை என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

அதற்குப் பிறகு நான் ஒரு பிள்ளையையும் தொட்டதில்லை. நல்ல டீச்சர் என்று பெயர் எடுத்தேன், மாலை போட்டு வழியனுப்பினார்கள். அந்தப் பெயரை வைத்துத்தான் நீ அன்றைக்கு நல்லவேளை என்றாய். உன் போனை அணைத்த மறுநாள் கருப்பையாவின் பங்காளி ஒருவரைத் தேடிப் போய் விசாரித்தேன். கருப்பையா செத்துவிட்டானாம். பாண்டிச்செல்வியை ராமேஸ்வரம் தீவில், அக்காள்மடத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார்களாம். புருஷன் ஐஸ் கம்பெனியில் வேலை, மாமியார் ரோட்டோரம் கருவாடு காயப்போட்டு விற்கிறாள் என்றார். அன்றைக்கே ராமநாதபுரம் வந்து பஸ் மாறி, பாம்பன் பாலம் தாண்டிப் போய் இறங்கினேன்.

வீட்டு வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது. "வாங்க டீச்சர்" என்றாள். "என்னைய மன்னிச்சிரும்மா" என்றேன். வலது காதை என் பக்கம் திருப்பி, இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"மன்னிச்சா காது வந்துருமா டீச்சர்?"

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினாள். "எங்க மாமியா என்னையப் பொறவிச் செவிடுன்னு தெருவெல்லாம் சொல்லுது. எங்க அய்யா மறைச்சுக் கட்டி வச்சுட்டாராம். இதச் சொல்லித்தான் எங்க வீட்டுக்காரரு என்னைய அடிக்கிறாரு. பாருங்க." சட்டைக் கையை ஏற்றிக் காட்டினாள். முழங்கைக்கு மேலே கன்றிப்போய் நீலமாக இருந்தது. "அதுகூடப் போகட்டும். எம் மக ரெண்டாவது படிக்கிறா. கூப்புட்டா ஒடனே திரும்ப மாட்டா, வெளாட்டுப் புத்தி. அவளும் ஆத்தா மாதிரி செவிடு, அவளுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்னு சொல்லி ஒரு மாசமா நிப்பாட்டி வச்சிருக்காக. கருவாடு கிண்டிவிடப் போறா. நீங்க ஒண்ணு செய்யுங்க. என் காது எப்படிப் போச்சுன்னு வந்து சொல்லுங்க. இங்கன வேணாம். ரோட்டுல, எல்லாரும் இருக்கப்ப சொல்லுங்க."

போனேன். ரோட்டோரம் பாய் விரித்துக் கருவாடு காய்ந்தது. மாமியார் தராசோடு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் ஆள் இருந்தது. நான் என் பெயரையும் ஊரையும் சொன்னேன். "பாண்டிச்செல்வி பொறவிச் செவிடு இல்ல. பொறக்கும்போது ரெண்டு காதும் நல்லாக் கேட்டுச்சு. ஒம்போது வயசுல நான்தான் அறைஞ்சு அந்தக் காதை உடைச்சேன். நான்தான் அவளுக்கு டீச்சர்" என்றேன். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை என்று பாண்டிச்செல்வி, "சத்தமாச் சொல்லுங்க" என்றாள். சத்தமாகச் சொன்னேன். மாமியார் எழுந்து வந்து என் முகத்தையே பார்த்தாள். "இம்புட்டு நாளும் எங்கனடீ இருந்த? ஒன்னாலதானடீ என் வீட்டுல தெனம் சண்டை!" என்று விளக்குமாற்றை எடுத்து என்னை அடித்தாள். தலையில், தோளில், வாயில் விழுந்தது. உதடு கிழிந்தது. பாய்மேல் விழுந்தேன், கருவாட்டு முள் உள்ளங்கையில் ஏறியது. காலால் மிதித்தாள். இரண்டு பேர் விலக்க வந்தார்கள், நான் வேண்டாம் என்றேன். பாண்டிச்செல்வி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு முழுவதையும் பார்த்துக்கொண்டு நின்றாள். தடுக்கவும் இல்லை, தூண்டவும் இல்லை. மாமியாருக்கு மூச்சு வாங்கியபோது, "போதும் அத்தை" என்றாள். பிறகு என்னிடம், "பஸ் வந்துருச்சு டீச்சர், கெளம்புங்க" என்றாள். ஒரு தாளில் என் நம்பரை எழுதி அவள் கையில் கொடுத்துவிட்டு ஏறினேன்.

மறுநாள் எல்லாவற்றையும் நாலு பக்கம் எழுதிக் கல்வி அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். பதிவேட்டில் பொய் எழுதியதையும், படிவத்தில் பொய் டிக் போட்டதையும் எழுதினேன். கருப்பையாவை அடித்தது யார், தீ வைத்தது யார் என்றும் எழுதினேன். உன் அய்யா செத்துப்போனார் என்பதற்காக அவர் பெயரை விடவில்லை. உன் சித்தப்பா வந்து, "என் பேரையுமா எழுதுன?" என்று கேட்டு நாற்காலியைச் சுவரில் அடித்து உடைத்தார். பென்ஷன் போகும், கேசு வரும், கனடாவில் உனக்கும் வேலை போகும் என்றார். என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தாளை வாங்கியவர் இரண்டு முறை படித்துவிட்டு, "இதை எந்த ஃபைலில் வைப்பது அம்மா?" என்று என்னையே கேட்டார்.

நீ அங்கே போனதும் முதலில் டீச்சர்களிடம் பதிவேட்டை வாங்கிப் பார்ப்பாய். பார். ஆனால் நம்பிவிடாதே. என் பதிவேடு எவ்வளவு அழகான கையெழுத்து என்று உனக்குத் தெரியும். பள்ளியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைவிட, நின்றுபோன பிள்ளையைத் தேடிப் போ. பனியில் எத்தனை தூரம் என்றாலும் போ. அவர்கள் மொழியில் பேசத் தெரிந்த அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ. பேச வைக்க அவசரப்படாதே, அவர்கள் வாயை மூடிக்கொள்ள அவர்களுக்குக் காரணம் இருக்கும். விருப்பமில்லை என்று யாராவது எழுதியிருந்தால், யாருடைய கை அதை எழுதியது என்று பார். காரணத்துக்கு உன் படிவத்தில் கட்டம் இல்லாவிட்டால், பக்கத்தில் இருக்கிற வெற்றிடத்தில் எழுது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று யோசித்தேன். அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு வந்தவள் என்ற தகுதி இருக்கிறது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும் என்று நினைத்தேன். உன்னை உதைத்ததைவிட, நீ கண்ணால் பார்த்ததைக் கனா என்று உன்னையே நம்ப வைத்தது பெரிய அடி. நீ என்னோடு பேசாமல் இருந்தால் இருந்துகொள். கோபம் எவ்வளவு நாள் வேண்டுமோ அவ்வளவு நாள் எடுத்துக்கொள். குளிருக்குக் கம்பளிச் சட்டை மட்டும் நல்லதாக வாங்கிக்கொள்.

இன்று காலையில் நான் எழுத ஆரம்பிக்கும் முன்பு ஒரு போன் வந்தது. பாண்டிச்செல்வி. பின்னால் பஸ் சத்தம், பிள்ளைகள் சத்தம். "டீச்சர், எம் மக பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டா. இப்பத்தான் கொண்டு விட்டேன். அதச் சொல்லத்தான் கூப்புட்டேன்" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "இருங்க, நான் சொல்லி முடிச்சிர்றேன். அவளுக்கு ஒரு டீச்சரம்மா இருக்காக. அவுகளுட்ட நானே பேசிட்டேன், அடிக்கக் கூடாதுன்னு. இனிமே நீங்க இங்கன வர வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அம்மா